இரண்டு கை உப்பு

என் ஆயுசில் நான் ஆசைப்பட்டுக் கேட்டது நகை இல்லை, புடவை இல்லை, ஒரு அறை. அதுவும் குடியிருக்க இல்லை, சமைக்க. கள்ளக்குறிச்சி மைதானத்தில் ஸ்டேடியம் கட்டப் போகிறார்கள், படிப்படியாகக் கேலரி எழும்பப் போகிறது, அதன் அடியில் கேண்டீனுக்கென்று ஒரு அறை விடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அறைக்குள்ளேயே குழாய் இருக்கும் என்றார்கள். மைதானத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னலும் இருக்கும் என்றார்கள். ஜன்னல் கிடக்கட்டும், குழாய் என்று கேட்டதுமே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

எங்கள் பிரியாணிக் கடை மைதானத்துக்குக் கிழக்கே, ரோட்டைத் தாண்டினால் இருந்தது. முன்னால் தகரக் கொட்டகை, பெஞ்சுகள், பரோட்டாக் கல், கல்லுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். ஒரு தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் அடுப்படி, அதில் நான். தண்ணீர் வேண்டுமென்றால் ரோட்டைக் கடந்து மைதானத்தின் மூலையில் இருக்கிற அடிபம்புக்குப் போக வேண்டும். அரிசி கழுவ ஒரு நடை, கறி கழுவ ஒரு நடை, பாத்திரம் தேய்க்க எத்தனை நடை என்று எனக்கே தெரியாது. இடுப்பில் குடம், தலையில் முக்காடு, ரோட்டில் லாரி. கல்யாணமாகி வந்த புதிதில் ஓடிப் போய் ஓடி வந்தேன். பிறகு நடந்து போனேன். அந்த அறையைப் பற்றிப் பேச்சு வந்த சமயத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

மைதானத்தைச் சுற்றி நாங்கள் மட்டும் இல்லை. பக்கத்தில் ஒரு டீக்கடை. அதையடுத்துப் பச்சைத் துணி மறைத்த கேரம் கிளப், அங்கே மாலையானால் காய் மோதும் சத்தமும் சண்டையும் ஒன்றாகக் கேட்கும். தெற்கே சிமெண்டுத் தரை போட்ட ஷட்டில் கோர்ட், வக்கீலும் ஜவுளிக்கடைக்காரரும் தொப்பை குறைக்க ஆடுவார்கள், ஆடி முடித்து எங்களிடம் வந்து குறைத்த தொப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள். வடக்கே ஒரு ஜூஸ் கடை. எல்லோருமே அந்த மண்தரையை நம்பிப் பிழைத்தவர்கள். மேட்ச் உண்டு என்றால் அடுப்பு எரியும், இல்லை என்றால் ஈ ஓட்டுவோம்.

இத்தனை வருடம் அங்கே இருந்தும் நான் ஒரு மேட்சை முழுதாகப் பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்து பார்த்தால் டீக்கடையின் பின்சுவர்தான் தெரியும். எல்லாம் காதால்தான். கோல் விழுந்தால் ஒரு சத்தம், நூலிழையில் தவறினால் வேறு சத்தம், தவறினால்தான் சத்தம் ஜாஸ்தி. உள்ளூர் டீம் ஜெயித்தால் பரோட்டாவுக்கு மாவு பத்தாது. தோற்றால் டீ மட்டும் குடித்துவிட்டு நடுவரைத் திட்டிக்கொண்டே போய்விடுவார்கள். இதை வைத்துத்தான் நான் மாவு பிசைவேன்.

என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் அதே மைதானத்தில் ஃபுட்பால் டீமில் பேக் ஆடியவர். கல்லில் பரோட்டாவைப் போட்டுவிட்டுப் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். தீய்ந்த வாசனை எனக்கு வரும், அவருக்கு வராது.

"ஏங்க, கல்லப் பாருங்க."

"பாத்துக்கினுதான் கீறேன்."

"நீங்க எத்தப் பாக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

சிரிப்பார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அந்தப் பந்தின் மேல் வைத்த கண்ணை என் முழங்கால் மேலும் கொஞ்சம் வைத்திருக்கலாம் என்று பல நாள் நினைத்ததுண்டு. கேண்டீன் பேச்சு வந்தபோது அதை முதலில் என்னிடம் வந்து சொன்னவரும் அவர்தான். "அந்த ரூம் நமக்குக் கெடச்சா நீ கொடமே தூக்க வாணாம். ஜன்னல் கிட்ட ஸ்டூல் போட்டுக் குந்திக்கினு ஒரு மேட்ச் முழுசாப் பாரு" என்றார். அப்போதுதான் தெரிந்தது, அவர் என் முழங்காலையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதிலிருந்து அந்த ஆசை என்னை விடவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றும்போதெல்லாம், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஊரில் பெரிய போட்டி பொங்கலுக்குத்தான் நடக்கும். தியாகதுருகத்திலிருந்து ஒரு டீம், மணலூர்பேட்டையிலிருந்து ஒரு டீம், உள்ளூரில் இரண்டு மூன்று, கல்வராயன் மலையிலிருந்து ஒன்று. மலைக்காரர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கி வந்துவிடுவார்கள். மேட்ச் மாலையில், அவர்கள் வருவது காலையில். ஊரில் தெரிந்தவர்கள் இல்லை, எங்கள் அடுப்படி மூலையில்தான் பையை வைப்பார்கள், அங்கேயே உடுப்பு மாற்றுவார்கள். ஒவ்வொருவர் பையிலும் ஒரு தூக்குச் சட்டியில் சாமைச் சோறு இருக்கும். கீழே சோறு கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று வீட்டில் கட்டிக் கொடுத்தனுப்பியது. எங்களிடம் வயிறாரச் சாப்பிட்டாலும் அதைத் தொடாமல் திரும்பக் கொண்டு போவார்கள்.

அந்தக் காலத்தில் சில வருடங்கள் பொங்கலும் நோன்பும் ஒன்றாக வந்தன. எங்களுக்கு அது சோதனை. நோன்பு வைத்துக்கொண்டு பகல் முழுக்க அடுத்தவருக்கு ஆக்கிப் போட வேண்டும். கடை முகப்பில் ஒரு துணியைத் தொங்கவிட்டுப் பந்தி நடத்துவோம். பசி எங்களுக்குப் பழகிப் போன ஒன்று. உப்புதான் கஷ்டம். ஆக்குகிறவர் இருவருக்கும் நோன்பு, யார் ருசி பார்ப்பது? நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், கூடும் என்று பள்ளிவாசலில் பெரியவர் ஒருவர் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "நாக்குல பட்டா போச்சு. அப்புறம் எனக்குப் பூரா நாளும் சந்தேகமா பூடும்" என்றார். அவருக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்படி ஒன்றாக வந்த முதல் வருடம் சால்னாவில் உப்பே இல்லை. "இன்னா பாய், இன்னிக்கு உப்புக்கும் நோன்பா?" என்று தியாகதுருகத்துக்காரர் ஒருவர் கேட்க, பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். அடுப்படிக்கு வந்தவர், அங்கே பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து, "நீ வந்து பாருப்பா உப்பு" என்றார். அவர் மலை டீமின் கோல் கீப்பர். நெடுநெடுவென்று முப்பது தாண்டிய ஆள். மலைச்சரிவில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். வெளியே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். உள்ளங்கையை நீட்டினார். ஒரு கரண்டி ஊற்றினேன். நக்கிவிட்டுக் கூரையைப் பார்த்து யோசித்தார்.

"அரைக் கை போடு பாயம்மா. மேல வாணாம்."

போட்டேன், சரியாக இருந்தது. அதிலிருந்து அது வழக்கமானது. பொங்கல் போட்டியும் நோன்பும் சேர்ந்து வந்தால் எங்கள் கடைக்கு உப்புப் பார்க்கிறவர் அந்தக் கோல் கீப்பர்தான். பிரியாணிக்கு அரிசி போடும் முன், கொதிக்கிற மசாலாத் தண்ணீரில் உப்பு லேசாகக் கரிக்க வேண்டும், அப்போதுதான் சோற்றில் சேர்ந்தால் சரியாக நிற்கும். அதையும் அவருக்குச் சொல்லி வைத்திருந்தோம். நான் செய்த ஒரே ஏற்பாடு, அவர் வந்து வாசலில் நின்று "உள்ள வர்லாமா பாயம்மா" என்று கேட்கிற வரைக்கும் உப்பு ஜாடியைத் திறக்க மாட்டேன். அவர் எதிரில்தான் போடுவேன். பஸ் காலையிலேயே வந்துவிடும், கறி வேக மதியம் ஆகும், ஆகவே ஒரு நாளும் இடைஞ்சல் வந்ததில்லை.

இப்படி இரண்டு வருடம் போனது. மூன்றாவது வருடம்தான் ஸ்டேடியம் பேச்சு சூடு பிடித்தது. கட்டட வேலைக்கென்று ஊர்ப் பெரிய மனிதர்களும் ஆபீஸ்காரர்களும் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். கேண்டீன் அறையை யாருக்குக் கொடுப்பது என்பதும் அவர்கள் கையில்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நாங்கள். இன்னொன்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல், ஃபேன் போட்ட ஓட்டல். கமிட்டியில் ஒருவர் வந்து சொன்னார். "பாய், எங்களுக்கு உங்க மேல ஒண்ணும் கொறையில்ல. ஃபைனல் அன்னிக்கு மதியம் எல்லாரும் உங்க கையால சாப்ட்டுப் பாத்துடறோம். அவங்க வூட்டு சாப்பாடு ஏற்கனவே சாப்ட்டாச்சி. அப்பறம் முடிவு பண்ணிடலாம்."

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வருடம் மலை டீம் வேறு உள்ளூர் டீமோடு ஃபைனலில் மோத இருந்தது. "நம்ம உப்புக்காரரு ஃபைனல் ஆடறாரு, நம்ம வூட்ல கமிட்டி சாப்புடுது, இன்னா யோகம் பாரு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். நான் வெறுமனே தலையை ஆட்டினேன். அந்த அறை கிடைக்காவிட்டால் இன்னொரு மழைக்காலம் அந்த ரோட்டைக் குடத்தோடு கடக்க எனக்குத் தெம்பு இல்லை. இதை நான் அவரிடமும் சொல்லவில்லை.

ஃபைனல் நாள் விடியும்போது மலை தெரியவில்லை. அவ்வளவு பனி. விடியுமுன் நோன்புக்கான சஹர் சாப்பாட்டை முடித்துவிட்டு நாங்கள் படுக்கவே இல்லை. வெங்காயம் உரித்தோம், கறி கழுவினோம், பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சாவை இரண்டு பேருமாகப் பிடித்து அடுப்பில் ஏற்றினோம். காலை பஸ் வரும் நேரம் வந்தது, பஸ் வரவில்லை. மலைப்பாதையில் பஸ் பழுதாகி நிற்கிறது என்று கச்சிராயபாளையத்திலிருந்து வந்த யாரோ டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனார். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

மசாலாத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. உப்பு ஜாடி மூடியே இருந்தது. வாசலைப் பார்க்கிறேன், கோல் கீப்பர் வருகிற வழியாகத் தெரியவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் கமிட்டிக்காரர்களின் ஜீப் வந்து நிற்கிற சத்தம். என் வீட்டுக்காரர் வாசலில் போய் அவர்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தார். இனிக் காத்திருக்க முடியாது. எத்தனை வருடமாக ஆக்குகிறேன், என் கைக்கு அளவு தெரியாதா என்று ஜாடியைத் திறந்து அந்தத் தேக்சாவுக்கு வேண்டிய உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினேன். ஜாடியை மூடினேன். தேக்சாவையும் மூடினேன். குடத்தைப் பார்த்தால் அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பந்திக்குத் தண்ணீர் வேண்டுமே என்று குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனேன்.

ஃபைனல் பார்க்க வந்த கூட்டம், பம்பில் வரிசை. திரும்பி வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் தேக்சாவில் அரிசி விழுந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் மூடிக்கு மாவு ஒட்டித் தம் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல வேலை செய்தார் மனுஷர், இல்லாவிட்டால் தண்ணீர் சுண்டிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு குடத்தை இறக்கினேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நோன்பு வைத்து அடுப்படியில் நிற்கிறவர்களுக்குத் தெரியும், நடு மதியத்துக்கு மேல் வாயைத் திறக்கவே யோசனையாக இருக்கும். தொண்டை காய்ந்து கிடக்கும், சைகையிலேயே வேலை நடக்கும். உப்பு போட்டாயா என்ற ஒரு வார்த்தை. அதை இரண்டு பேரும் மிச்சம் பிடித்தோம்.

பந்தி நடந்தது. நான் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாய் வைத்த பெரியவர் கொஞ்சம் நின்றார். தண்ணீர் குடித்தார். பக்கத்தில் இருந்தவரும் தண்ணீர் குடித்தார். வரிசையாக எல்லோருமே டம்ளரை நீட்டினார்கள். ஒருவர் முட்டையையும் வெங்காயப் பச்சடியையும் மட்டும் சாப்பிட்டுச் சோற்றை இலை ஓரம் ஒதுக்கினார். "டாக்டர் சோறு கொறைக்கச் சொல்லிக்கீறாரு பாய்" என்றார். என் வீட்டுக்காரர் சொம்போடு உள்ளே ஓடி வந்தார், முகமெல்லாம் பல்.

"தண்ணி, தண்ணி. நல்லாக் காரம் புடிச்சிருக்கு போல, குட்ச்சிக்கினே கீறாங்க."

நான் இடுப்பு ஒடியச் சுமந்து வந்த தண்ணீர் முழுவதும் அந்த ஒரு பந்தியில் தீர்ந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தீரட்டும், இனி எனக்குக் குழாய் வந்துவிடும் என்று மறுபடியும் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

மலைக்காரர்கள் மேட்ச் தொடங்குகிற நேரத்தில் ஒரு மரவள்ளி லாரியில் ஏறி வந்து இறங்கினார்கள். பையை எங்கள் மூலையில் வீசிவிட்டு, உடுப்பை மாட்டிக்கொண்டே ஓடினார்கள். கோல் கீப்பர் மட்டும் ஒரு நிமிஷம் வாசலில் நின்றார். "பாயம்மா, உப்பு?" என்று கேட்டார். "ஆச்சுப்பா, போ, போய் ஆடு" என்று அனுப்பினேன். ஆட்டத்தைக் காதால் கேட்டேன். கடைசி வரைக்கும் தவறுகிற சத்தம்தான், பிறகு ஒரே ஒரு கோல் சத்தம். உள்ளூர்க்காரர்கள் வேட்டு போட்டார்கள். மலை டீம் தோற்றுவிட்டது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம் வைத்து நோன்பு திறந்து, ஆளுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தோம். அதற்குள் மலைக்காரர்கள் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் சாப்பிடாதவர்கள், எங்கள் சோற்றை நம்பித் தூக்குச் சட்டியைக்கூடத் திறக்கவில்லை. தேக்சாவில் பாதிக்கு மேல் இருந்தது, இலை நிறையப் போட்டேன். கோல் கீப்பர் ஒரு வாய் வைத்தார். மென்றார். வழக்கம்போலக் கூரையைப் பார்த்தார்.

"பாயம்மா, தப்பா நெனைக்காத. இது ஒர்த்தர் கை உப்பு இல்ல. ரெண்டு கை வுழுந்துகீது."

என் வீட்டுக்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தேக்சாவிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். நானும் போட்டேன். வாய் கசந்தது. கடல் தண்ணீரை அள்ளிக் குடித்தது போல இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஜாடி மூடியிருந்ததைப் பார்த்து, கோல் கீப்பர் வராததால் இவள் இன்னும் உப்பு போடவில்லை என்று நினைத்து அவரும் போட்டிருக்கிறார். அவர் கை அளவு அவருக்கு. என் கை அளவு எனக்கு. இரண்டும் சரியான அளவுதான், அதுதான் வயிற்றெரிச்சல்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் எதிரில் அழக்கூடாது என்று அடுப்பைக் கிளறினேன். புகை என்று நினைத்துக்கொள்ளட்டும். அறை போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மலைக்காரர்கள் எழுந்திருக்கவில்லை. கோல் கீப்பர் போய்ப் பையைத் திறந்து தூக்குச் சட்டியை எடுத்து வந்தார். மற்றவர்களும் எடுத்து வந்தார்கள். உப்பே போடாத சாமைச் சோறு, விடியற்காலை வடித்தது, ஆறிப் போய்க் கட்டியாக இருந்தது. அதை உதிர்த்து இலையிலிருந்த பிரியாணியோடு பிசைந்தார்கள். "கெட்டா பூட்ச்சி? உப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதானே. வா பாய், நீயும் குந்து" என்று கோல் கீப்பர் கூப்பிட்டார். தோற்றுப் போய் வந்தவர்கள் எங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு இலையில் வைத்தார்கள். சரியாகத்தான் இருந்தது. ஆனால் என்ன, கமிட்டிக்காரர்கள் பையில் சாமை இல்லையே.

அறை பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்குப் போனது. காரணம் யாரும் சொல்லவில்லை, பெரிய மனிதர்கள் அப்படித்தான். டீக்கடைக்காரர்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "உப்பத் தின்னவன் தண்ணியக் குட்ச்சான். உனுக்கு இன்னா குட்த்தான் பாய்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அன்று அவரிடம் சிரித்துவிட்டு வந்தார். உள்ளே வந்து பரோட்டா மாவை ஓங்கி ஓங்கி அடித்தார். அந்த மாவு அன்றைக்கு மெத்தென்று வந்தது.

நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. ஊரே நினைத்திருக்கும், உள்ளே பெரிய சண்டை நடந்திருக்கும் என்று. ஒன்றும் நடக்கவில்லை. பேசினால் யாராவது ஒருவர் குற்றவாளி ஆக வேண்டும். நீ ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டால், நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்பேன். இரண்டுக்கும் பதில் கிடையாது. அதனால் பேச்சு வேண்டாம் என்று இரண்டு பேரும் தனித்தனியாக முடிவு செய்துவிட்டோம் போல. உப்பைப் போலவே அதையும் கேட்டுக்கொள்ளாமல்தான் செய்தோம். ஆனால் மறுநாளிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. ரசம் வைத்தாலும் சரி, குழம்பு வைத்தாலும் சரி, உப்பு போடும் முன் "உப்பு போட்டாச்சா?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்போம். "போடல, போடு" என்று பதில் வரும். அடுப்படிப் பக்கமே அவர் எட்டிப் பார்க்காத நாளிலும் கேட்பேன்.

குடம் தூக்கினேன். மழைக்காலம் வந்தது, தூக்கினேன். பிறகு எத்தனையோ மழைக்காலம். கேலரி பாதி எழும்பி நின்றது. கேண்டீனை எடுத்த ஓட்டல்காரர் கொஞ்ச காலத்தில் விட்டுவிட்டுப் போனார். அந்தக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்ததே இல்லை, பொய்க் குழாய் என்று டீக்கடைக்காரர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை. ஆசைப்பட்டவள் நான், குழாய் பொய்யாக இருந்தாலும் நானே திறந்து பார்த்திருக்க வேண்டும். இப்போது அந்த அறையில் சுண்ணாம்பு மூட்டையும் கொடிக் கம்பும் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. மைதானத்துக்குப் பக்கத்திலேயே வலை கட்டி, பச்சைக் கம்பளம் விரித்து, டர்ஃப் என்று ஒன்று வந்துவிட்டது. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஆடுகிறார்கள். ஷூவில் மண் ஒட்டாத ஆட்டம். கேரம் கிளப் இருந்த இடத்தில் ஷவர்மா சுற்றுகிறது. டீக்கடைக்காரர் மகன் மோஜிட்டோ விற்கிறார், ஒருமுறை எனக்கும் கொடுத்தார், புதினாத் துவையலில் சோடா ஊற்றியது போல் இருந்தது. எல்லோரும் நன்றாகப் பிழைக்கட்டும். நான் ஓய்ந்துவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

கடையை மூடியதற்குக் காரணம் டர்ஃப் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு நாள் கல்லுக்கு முன்னால் நின்றபடியே சரிந்து விழுந்தார். ரத்தக் கொதிப்பு. வலது கையும் காலும் போய்விட்டது, வாய் மட்டும் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "உப்பே ஆகாதும்மா. துளி கூட." நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

வீட்டில் இப்போது குழாய் இருக்கிறது. திறந்தால் தண்ணீர் வருகிறது. அவருக்குக் கஞ்சி வைக்க இரண்டு டம்ளர் தண்ணீர் போதும், அவ்வளவுதான் என் சமையல். அவர் ஜன்னல் ஓரம் கட்டிலில் கிடக்கிறார், டர்ஃப் லைட் வெளிச்சம் சுவரில் அடிக்கும், பந்து வலையில் மோதுகிற சத்தம் கேட்கும். இப்போது அவரும் என்னைப் போலக் காதால்தான் மேட்ச் பார்க்கிறார். ஊட்டிவிட உட்காரும்போது தினமும் கேட்பார்.

"உப்பு போட்டியா?"

"போட்டேங்க."

ஒரு கரண்டி வாயில் வாங்கிக்கொண்டு, "சரியாக் கீது" என்பார். அவர் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, அது எனக்குத் தெரியும். நான் போடவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

போன நோன்பில் ஒரு சாயங்காலம். அவருக்கு ஊட்டிவிட்டுத்தான் நான் நோன்பு திறப்பது. பாதிக் கஞ்சியில் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அன்னிக்கு ஃபைனலுக்கு நீ உப்பு போடல."

இத்தனை வருடத்தில் அந்தப் பேச்சை அவர் எடுத்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு வாட்டியும் நான்தான் போட்டேன். மறந்து பூட்டு மறுபடியும் போட்டுட்டேன். உன் மேல ஒண்ணும் இல்ல. ஒன் ரூமு என்னாலதான் போச்சு."

ஜாடியைத் திறந்தது எனக்கு நினைவிருக்கிறது. அன்று விரலில் இருந்த வெட்டுக் காயத்தில் கல் உப்பு பட்டு எரிந்ததும் நினைவிருக்கிறது. இத்தனை நாள் இந்த மனுஷர் கட்டிலில் கிடந்துகொண்டு, எனக்கு மிச்சமாக என்ன கொடுத்துவிட்டுப் போவது என்று யோசித்து, கடைசியில் இதைக் கண்டுபிடித்திருக்கிறார். பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள்.

"ஆமாங்க, நீங்கதான் போட்டீங்க" என்றேன். "இப்ப வாயைத் தொறங்க."

திறந்தார். ஊட்டினேன்.

"உப்பு எப்டி கீது?"

"சரியாக் கீது" என்றார்.